பனிக்குட நீர் அதிகமும் வயிற்று இறுக்கமும்: கடைசி மாதங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கோயிலிலும் சந்தையிலும் இன்றும் பெண்கள் என்னை நிறுத்திச் சந்தேகம் கேட்கிறார்கள். ஸ்கேனில் "தண்ணீர் அதிகம்" என்று கேட்டுவிட்டு வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்பவை பெரும்பாலும் ஒன்றே. அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் மருத்துவர் சொன்னது இதிலிருந்து வேறுபட்டால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். அவர் உங்களை நேரில் பரிசோதித்தவர்.

தண்ணீர் அதிகம் என்கிறார்கள். எந்தத் தண்ணீரைச் சொல்கிறார்கள்?

கருப்பைக்குள் குழந்தை மிதந்துகொண்டிருக்கும் பனிக்குட நீரை. கர்ப்பத்தின் பாதிக்குப் பிறகு அதில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். முகம் சுளிக்க வேண்டாம். குழந்தையின் கழிவுகளை நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, தாயின் ரத்தத்துக்கு அனுப்பிவிடுவதால் அது நம்முடைய சிறுநீரைப் போன்றது அல்ல. குழந்தை அந்த நீரை விழுங்கும், குடல் உறிஞ்சிக்கொள்ளும், மீண்டும் சிறுநீராக வெளியேறும். நாள் நிறையும் சமயத்தில் குழந்தை ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்கிறது.

சாதாரணமாக 34 முதல் 36 வாரங்களில் இந்த நீர் 800 மில்லிலிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை இருக்கும். அதன்பின் மெல்லக் குறையும். குழந்தை கழிப்பது கூடினாலோ விழுங்குவது குறைந்தாலோ நீர் தேங்கிவிடும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுவே அடிப்படை.

என் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தில் 26 என்று எழுதியிருக்கிறார்கள். அது ரொம்ப அதிகமா?

வயிற்றை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழமான நீர்ப் பகுதியை ஸ்கேனில் சென்டிமீட்டரில் அளந்து கூட்டிய எண் அது. 24 அல்லது 25-ஐத் தாண்டினால் அதிகம் என்பார்கள். 30-க்குள் லேசானது, 30 முதல் 35 வரை நடுத்தரம், 35-க்கு மேல் கடுமையானது. சில மருத்துவர்கள் ஒரே ஓர் ஆழமான பகுதியை மட்டும் அளப்பார்கள். அப்படியானால் 8 சென்டிமீட்டரிலிருந்து அதிகம் என்று கணக்கு. உங்கள் புத்தகத்தில் 9 என்றும் தோழியின் புத்தகத்தில் 26 என்றும் இருந்தால், அவருக்கு மூன்று மடங்கு நீர் என்று பொருளல்ல. அளந்த முறை வேறு.

26 என்பது லேசானது. குழந்தை திரும்பிப் படுத்தாலே இந்த எண் சற்று மாறும். ஒரு நாள் அளவைவிட, அடுத்தடுத்த ஸ்கேன்களில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

நான் நிறையத் தண்ணீரும் இளநீரும் குடித்ததால்தானே இப்படி ஆனது? இனிக் குறைத்துக்கொள்ளட்டுமா?

குறைக்கவே கூடாது. நீங்கள் குடிக்கும் தண்ணீர் நேராகப் பனிக்குடத்தில் போய்ச் சேர்வதில்லை. நம் ஊர் வெயிலில் தாகத்தை அடக்கினால் உங்களுக்கு மயக்கம் வரும், சிறுநீர்த் தொற்று வரும், வயிற்று இறுக்கமும் கூடும். பனிக்குடம் வற்றாது. வீட்டில் பெரியவர்கள் தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்துவிட்டதால் உதடு காய்ந்து கிளினிக்குக்கு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். மனம் வலிக்கும். தாகத்துக்குத் தகுந்தபடி குடியுங்கள்.

அப்படியென்றால் ஏன்தான் வந்தது?

நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் இது வருகிறது. அவற்றில் பாதிக்கு மேல், குறிப்பாக லேசானவற்றில், எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. காரணம் கிடைத்தால் நம்மவர்களிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது இனிப்புநீர், அதாவது நீரிழிவு. தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் குழந்தையின் ரத்தத்திலும் கூடும். அதை வெளியேற்றக் குழந்தை அதிகமாகச் சிறுநீர் கழிக்கும். அத்தகைய குழந்தை பெரிதாகவும் வளரும்.

குழந்தை விழுங்க முடியாமல் போவது இன்னொரு காரணம். உணவுக்குழாயிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ அடைப்பு இருக்கலாம், மூளை நரம்புக் கோளாறு இருக்கலாம். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு ரத்தம் அதிகமாகப் போனாலும் அதன் பனிக்குடத்தில் நீர் பெருகும். தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ் ரத்தவகை, சில கிருமித் தொற்றுகள், பெற்றோர் இருவரும் கடத்தும் சிலவகைத் தலசீமியா ஆகியவற்றால் குழந்தைக்கு ரத்தசோகை ஏற்பட்டாலும் நீர் கூடலாம். அதனால்தான் ஒரு ஸ்கேன் எண்ணுக்காக இத்தனை ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அலைக்கழிப்பு என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு முன்பே அந்த இனிப்புத் தண்ணீர்ப் பரிசோதனை எடுத்து நன்றாக இருந்தது. மறுபடியும் ஏன் குடிக்கச் சொல்கிறார்கள்?

24 முதல் 28 வாரங்களில் சரியாக இருந்த சர்க்கரை, 32 வாரத்தில் ஏறியிருக்கலாம். நஞ்சு சுரக்கும் ஹார்மோன்கள் கூடக் கூட இன்சுலின் வேலை செய்வது கடினமாகிறது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் வந்து ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். நம் நாட்டு வழிகாட்டுதலில், வெறும் வயிற்றில் 5.1 அல்லது இரண்டு மணி நேரத்தில் 7.8 மில்லிமோல் வந்தாலே கர்ப்பகால இனிப்புநீர். இரண்டில் ஒன்று போதும்.

சர்க்கரை இருப்பது தெரிந்தால் மனம் தளர வேண்டாம். சொல்லப்போனால் நம்மால் சரிசெய்யக்கூடிய காரணம் இது ஒன்றுதான். காலையில் டின் பால் ஊற்றிய தே தாரிக்கும் ரொட்டி சானாயும், மாலையில் மைலோவும் குவேயும் என்று போகும் பழக்கத்தை மாற்றினாலே பலருக்குச் சர்க்கரை இறங்குகிறது. சோற்றை அடியோடு விடத் தேவையில்லை. அளவைக் குறைத்து, கீரை, காய், மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றைக் கூட்டுங்கள். போதாவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். இன்சுலின் நஞ்சைக் கடந்து குழந்தைக்குப் போவதில்லை, பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு ஏதாவது குறை இருக்கிறது என்று அர்த்தமா? யாரும் நேராகச் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

லேசாக அதிகம், விரிவான ஸ்கேனில் உறுப்புகள் சரி, சர்க்கரையும் சரி என்றால் பெரும்பாலும் குழந்தை நல்லபடியாகவே பிறக்கிறது. நீரின் அளவு ஏற ஏற, குறை இருக்கும் வாய்ப்பும் ஏறுகிறது. நீர் அதிகமாக இருந்தும் குழந்தை வயதுக்குச் சிறியதாக இருந்தால் மருத்துவர்கள் கூடுதல் அக்கறை எடுப்பார்கள். அப்போது ஈப்போ போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தட்டாமல் போங்கள். உணவுக்குழாய் அடைப்பு போன்றவை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவை. எங்கே பிறக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்தக் குழந்தைக்கு அது பெரிய பாதுகாப்பு.

எல்லாக் குறைகளையும் ஸ்கேன் காட்டிவிடாது. ஆகவே குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் கொடுப்பதற்கு முன் வாய்வழியாக மெல்லிய குழாயை இரைப்பைவரை விட்டுப் பார்ப்பார்கள். "பிள்ளைக்கு ஏன் குழாய்?" என்று அப்போது பதற வேண்டாம். ஓரிரு நிமிட வேலை.

வயிறு கல் மாதிரி இறுகுகிறது. இது தண்ணீரால்தானா, இல்லை பிரசவ வலியா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. நீர் அதிகமாக இருந்தால் நாள் முழுதும் வயிறு விம்மி, தோல் பளபளத்து, இழுத்துக் கட்டியதுபோல இருக்கும். இந்த இறுக்கம் வந்து போகாது, எப்போதும் இருக்கும். இதன் மேல் பொய்வலியும் வரும். கருப்பை சில நொடிகள் கெட்டியாகி மறுபடி தளரும், ஒழுங்கான இடைவெளி இருக்காது, படுத்தாலோ நடந்தாலோ தண்ணீர் குடித்தாலோ அடங்கும். மெய்வலி அடங்காது. இடைவெளி குறையும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளும், இடுப்பிலிருந்து முன்பக்கம் சுற்றி வரும்.

சந்தேகம் வந்தால் சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, இடது பக்கம் சாய்ந்து படுங்கள். உள்ளங்கையை வயிற்றின் மேற்பகுதியில் வைத்து, கெட்டியாகும் ஒவ்வொரு முறையும் மணியைப் பார்த்து எழுதுங்கள். 37 வாரம் ஆகாதவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறைக்கு மேல் வந்தால், வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். நீர் அதிகமுள்ள கருப்பை மிகவும் விரிந்திருப்பதால் குறைமாதப் பிரசவம் நேரும் வாய்ப்பு அதிகம். 34 வாரத்துக்கு முன் வலி தொடங்கி, நேரத்தோடு போய்ச் சேர்ந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போட முடியும். அந்த ஊசி முழுப் பலன் தர ஒரு நாளாவது வேண்டும். அதற்காகத்தான் கிளம்பச் சொல்கிறேன்.

இன்னொரு இறுக்கமும் உண்டு. வயிறு கெட்டியாகித் தளரவே தளராமல், தொட்டாலே வலித்து, ரத்தமும் பட்டால் நஞ்சு பிரிந்திருக்கலாம். ரத்தம் வெளியே தெரியாமலும் இது நடக்கும். இந்த நிலையில் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 999-ஐ அழையுங்கள்.

மூச்சு வாங்குகிறது. மல்லாந்து படுத்தால் உயிரே போகிறது. எப்படித்தான் தூங்குவது?

மல்லாந்து படுக்கவே வேண்டாம். 28 வாரத்துக்குப் பிறகு யாராக இருந்தாலும் பக்கவாட்டில் படுத்துத் தூங்குவதே நல்லது. கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டிய பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துகிறது. முதுகுக்கும் தோளுக்கும் தலையணை கொடுத்துச் சாய்ந்துகொள்ளுங்கள், வயிற்றுக்கு அடியில் மடித்த போர்வையை வையுங்கள். கைலியை இறுக்கிக் கட்டாதீர்கள். இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, முன்னதாகச் சாப்பிட்டால் நெஞ்செரிச்சலும் மட்டுப்படும்.

சில மணி நேரத்தில் திடீரென்று கூடிய மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, முகமும் கையும் வீங்கித் தலைவலியோடு கண் மங்குவது ஆகிய எதையும் தண்ணீரின் தலையில் போடாதீர்கள். இருதயக் கோளாறாகவோ ரத்த அழுத்தமாகவோ இருக்கலாம். அன்றே, அப்போதே காட்ட வேண்டும்.

எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் இறுக்கம் விடும் என்கிறார் மாமியார். தலை திரும்பாத பிள்ளையும் திரும்பும் என்கிறார். விடலாமா?

விடக் கூடாது. தமிழ் மருத்துவச்சியாக இருந்தாலும், ஊரறிந்த மலாய் பீடானாக இருந்தாலும், வயிற்றை நீவ அனுமதிக்காதீர்கள். நீர் நிறைந்து விரிந்திருக்கும் கருப்பையை அழுத்தினால் வலி தொடங்கலாம், பனிக்குடம் உடையலாம், மேலே சொன்னதுபோல நஞ்சு பிரியலாம். குழந்தையைத் திருப்புவதை ஸ்கேன் கருவியும் அறுவைக்கூடமும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நிபுணர்களே செய்கிறார்கள்.

மாமியாரின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. "அத்தை, வயிற்றில் கை வைக்கக் கூடாது என்று தாதி மிஸி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், காலை மட்டும் பிடித்துவிடுங்கள்" என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள். காலையும் தோளையும் மெதுவாகத் தடவிவிடுவதால் கெடுதல் இல்லை. வயிற்றுக் கட்டெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு.

பார்லித் தண்ணீர், கொத்தமல்லிக் கஷாயம், நீர் இறக்கும் மாத்திரை. எதைக் குடித்தால் வற்றும்?

எதைக் குடித்தாலும் வற்றாது. சீனி போடாத பார்லி குடிப்பதில் தவறில்லை, பயனும் இல்லை. நீர் மாத்திரை உங்கள் உடம்பு நீரைத்தான் குறைக்கும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். பெயர் தெரியாத வேர், பட்டை, பிரசவத்தை எளிதாக்கும் நீர் என்று யார் கொடுத்தாலும் வேண்டாம்.

குழந்தை அசைவது மந்தமாகத் தெரிகிறது. தண்ணீர் அதிகம் என்பதால்தானே?

அப்படியும் இருக்கலாம். நீர் நடுவே நிற்பதால் உதை அழுத்தமாகத் தெரியாது. ஆனால் அதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது. உங்கள் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகமான பிங்க் புத்தகத்தில் அசைவுகளைக் குறிக்கும் அட்டவணை இருக்கிறது. காலை 9 மணியிலிருந்து எண்ணத் தொடங்கி, இரவு 9-க்குள் 10 அசைவு வர வேண்டும். வராவிட்டால் அன்றிரவே ஆஸ்பத்திரி. வழக்கமாகப் பத்தரைக்கே பத்தைத் தொடும் குழந்தை இன்று மாலைவரை நான்குதான் என்றால், 9 மணிவரை காத்திருக்காதீர்கள். உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும்.

ஊசி வழியாகத் தண்ணீரை எடுத்துவிட முடியாதா?

முடியும். தாய் மூச்சுவிடவே திணறும் அளவுக்குக் கடுமையாக இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தபடி எடுப்பார்கள். குழந்தை தொடர்ந்து சிறுநீர் கழிப்பதால் சில நாட்களில் மறுபடி நிரம்பிவிடலாம். ஊசியால் தொற்று, நீர்க்கசிவு, குறைமாத வலி வரும் ஆபத்தும் உண்டு. அதனால் லேசான அளவுக்கு யாரும் செய்யமாட்டார்கள். நீரைக் குறைக்கும் ஒருவகை வலி மாத்திரை உண்டு, ஆனால் அது குழந்தையின் இருதயத்தோடு சேர்ந்த ஒரு ரத்தக்குழாயை உரிய காலத்துக்கு முன்பே சுருக்கிவிடக்கூடும் என்பதால் 32 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கிறார்கள்.

போன வாரம் தலை கீழே, இந்த வாரம் குறுக்கே. 37 வாரத்தில் ஆஸ்பத்திரியில் வந்து படுத்துவிடு என்கிறார்கள். வலியே இல்லாமல் எதற்கு?

நீச்சலடிக்க இடம் இருப்பதால் குழந்தை திரும்பிக்கொண்டே இருக்கிறது. தலை இடுப்பெலும்பில் பொருந்தியிருந்தால் வாசல் அடைபட்டிருக்கும். குறுக்கே கிடக்கும்போது பனிக்குடம் உடைந்தால், பாயும் நீரோடு தொப்புள்கொடி முதலில் வெளியே வந்துவிடலாம். கொடி நசுங்கினால் குழந்தைக்கு ரத்தம் போகாது. நிமிடக் கணக்கில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். தோட்டத்து வீட்டிலிருந்து செம்மண் பாதை தாண்டி, பெரிய சாலை பிடித்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போ போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கட்டிலில் சும்மா படுத்திருப்பது அலுப்பாகத்தான் இருக்கும். படுத்திருங்கள்.

வீட்டிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டால் என்ன செய்வது?

நடக்காதீர்கள், குளிக்கப் போகாதீர்கள். இடது பக்கம் சாய்ந்து படுத்து, இடுப்புக்கு அடியில் தலையணை வையுங்கள். நீரின் நிறத்தையும் நேரத்தையும் கவனியுங்கள். பச்சை என்றாலோ ரத்தம் கலந்திருந்தாலோ அதைச் சொல்ல வேண்டும். 999-ஐ அழைத்து, "பனிக்குட நீர் அதிகம் உள்ளவர், இப்போது உடைந்துவிட்டது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தோட்டத்தில் வீட்டு எண் சொன்னால் ஓட்டுநருக்குத் தெரியாது. எந்தத் தோட்டம், எந்த நுழைவாயில், கோயிலா தமிழ்ப்பள்ளியா பக்கத்தில் என்று சொல்லி, ஒருவரை விளக்கோடு சாலை முனையில் நிறுத்துங்கள்.

கால்களுக்கு இடையே கொடி தெரிந்தாலோ தட்டுப்பட்டாலோ, முழங்காலும் முன்கையும் ஊன்றி, தலை தாழ, இடுப்பு உயர இருங்கள். கொடியை உள்ளே தள்ளக் கூடாது, பிடித்துப் பார்க்கவும் கூடாது. வண்டியில் ஏற்றியதும் இடது பக்கம் படுத்து இடுப்பை உயர்த்தியபடியே போக வேண்டும். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து போகவே கூடாது.

கட்டாயம் ஆபரேஷன்தானா? சீக்கிரமே வலி வரவைத்துவிடுவார்களா?

நீர் அதிகம் என்பது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. லேசாக அதிகம், வேறு காரணமில்லை, தலை கீழே என்றால் இயல்பாக வலி வரும்வரை விடுவார்கள். 39 வாரத்துக்கு முன் வலி வரவைக்கத் தேவையில்லை. சர்க்கரை இருந்தாலோ நீர் மிக அதிகமாக இருந்தாலோ கணக்கு மாறும். பிரசவ அறையில் பனிக்குடத்தை அவர்களே உடைக்க நேர்ந்தால், நீர் ஒரேயடியாகப் பாயாமல் மெதுவாக வழியவிடுவார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்காது என்று பயமுறுத்துகிறார்களே?

மிகவும் விரிந்த கருப்பை பிரசவத்துக்குப் பின் சுருங்கச் சோம்பும், அதனால் ரத்தப்போக்கு கூடலாம். இது தெரிந்தே முன்கூட்டி நரம்பில் ஊசிக்குழாய் போட்டு, சுருங்கச் செய்யும் மருந்தைத் தயாராக வைத்திருப்பார்கள். உங்கள் பங்கு, ரத்த அளவை இப்போதே ஏற்றிக்கொள்வது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரும்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள், அதோடு தேநீர் குடிக்காதீர்கள். வீடு திரும்பிய பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதும் நனைந்தால் திரும்பி வாருங்கள்.

தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிறேன். வேலையை விடவேண்டுமா? வளைகாப்பு வைக்கலாமா?

குனிந்து பொறுக்குவதும் செம்பனைக் கூடையைத் தூக்குவதும் இனி வேண்டாம். மருத்துவரிடம் கடிதம் வாங்கித் தோட்ட அலுவலகக் கிராணியிடம் கொடுத்து இலகுவான வேலை கேளுங்கள். 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாள். அதைப் பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே தொடங்கலாம். வளைகாப்பு தாராளமாக வையுங்கள், ஆனால் மணிக்கணக்கில் மணையில் உட்காரவைக்காதீர்கள். சாய்வு நாற்காலி போட்டால் சடங்கு குறைந்துவிடாது.

புத்தகத்தில் மஞ்சள் நிற அபாயக் குறியீடு ஒட்டிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு இரவு வேலை. "விடியட்டும், பார்க்கலாம்" என்கிறார் மாமியார். எதற்கு விடியும்வரை பொறுக்கலாம்?

வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அபாயம் ஏறுகிறது. மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்க வேண்டியவர், சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. நெஞ்செரிச்சல், கால் வீக்கம், படுத்ததும் அடங்கிவிடும் பொய்வலி ஆகியவற்றுக்கு விடியும்வரை பொறுக்கலாம். நீர் கசிவு, ரத்தம், தளராத வயிறு, 37 வாரத்துக்கு முன் ஒழுங்காக வரும் இறுக்கம், அசைவு குறைவு, திடீர் மூச்சுத்திணறல் ஆகிய எதற்கும் பொறுக்கக் கூடாது. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாகத் திரும்புங்கள். எந்தத் தாதியும் அதற்காகக் கோபிக்கக் கூடாது, கோபித்தாலும் நீங்கள் மறுமுறையும் போங்கள்.

வண்டி வைத்திருக்கும் இரண்டு வீட்டாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பிங்க் புத்தகம், அடையாள அட்டை, துணிப்பை மூன்றும் கதவோரம் இருக்கட்டும். 37 வாரத்துக்குப் பிறகு பட்டணத்தில் உறவினர் வீடு இருந்தால் அங்கே போய்த் தங்குங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா?

காரணம் தெரியாத வகை பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. இரட்டைக் குழந்தைகளால் வந்தது அந்தக் கர்ப்பத்தோடு முடிந்தது. இனிப்புநீரால் வந்தது திரும்பிவரக்கூடும். பிரசவத்துக்குப் பிறகு 6 வாரத்தில் மறுபடியும் அந்த குளுக்கோஸ் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச் சிரமப்பட்டு அதை விட்டுவிடுபவர்கள் அதிகம். பிள்ளையின் தடுப்பூசிக்கு வரும்போதே அதையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கர்ப்பத்தில் முதல் நாள் பதிவின்போதே பழைய புத்தகத்தைக் காட்டினால், சர்க்கரைப் பரிசோதனையை 24 வாரம்வரை தள்ளாமல் தொடக்கத்திலேயே செய்வார்கள்.